இரும்புக் கூட்டுக்குள் ஒரு கூட்டல் கணக்கு

திண்டுக்கல்லில் நத்தம் சாலையிலிருந்து பிரிந்து சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் காரின் வெளிப்பக்கப் பின்சக்கரம், உட்பக்கப் பின்சக்கரத்தைவிட ஏறத்தாழ நான்கேகால் மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. இரண்டையும் சுற்றுவது ஒரே இன்ஜின்தான். ஆனால் அவை கடக்கும் தூரம் வேறு வேறு.

இந்த நான்கேகால் மீட்டர் எங்கிருந்து வருகிறது? அம்பாசடர் காரை எடுத்துக்கொண்டால், இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 1.35 மீட்டர். வண்டி ஒரு முழு வட்டம் அடிக்கும்போது வெளிச்சக்கரம் போடும் வட்டத்தின் ஆரம், உட்சக்கர வட்டத்தின் ஆரத்தைவிட அந்த 1.35 மீட்டர் அதிகம். எனவே சுற்றளவில் வரும் வித்தியாசம் 1.35-ஐ 2π-ஆல் பெருக்கினால் கிடைப்பது: சுமார் 8.5 மீட்டர். கொண்டை ஊசி வளைவு அரைவட்டம் என்பதால் அதில் பாதி.

வளைவு எவ்வளவு பெரியது என்ற கேள்வியே இந்தக் கணக்கில் எழவில்லை என்பதைக் கவனியுங்கள். குறுகிய சந்தில் ஸ்டியரிங்கை ஒடித்து வட்டம் அடித்தாலும், திண்டுக்கல் மலைக்கோட்டையையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலும், வித்தியாசம் அதே 8.5 மீட்டர்தான். மலைப்பாதையில் இடது வளைவும் வலது வளைவும் மாறி மாறி வருவதால் ஒரு வளைவில் இடது சக்கரம் முந்தும், அடுத்ததில் வலது முந்தும். மேலே போய்ச் சேரும்போது இரண்டும் ஓடிய மொத்தத் தூரம் கிட்டத்தட்டச் சமமாகிவிடும்.

இந்த வரவு செலவை வண்டிக்குள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வது, பின்பக்கம் குனிந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உருண்டு திரண்டு தெரியும் இரும்புக் கூடு. டிஃப்ரன்ஷியல் என்று அதற்குப் பெயர். அது உண்மையில் ஒரு கூட்டல் இயந்திரம். அதில் செய்யும் எந்தப் பழுதுபார்ப்பும் அந்தக் கூட்டல் பிசகாமல் காப்பதற்குத்தான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவருக்குப் பின் ஆக்ஸில் அச்சம் தரும் பொருளாக இருக்காது. அந்த வேலையில் கணிசமான பகுதியை வீட்டு வாசலிலேயே செய்யவும் முடியும்.

மாட்டுவண்டி, தேர், ரயில்

மாட்டுவண்டிக்கு இந்தச் சிக்கலே இல்லை. அச்சு அசையாமல் நிற்க, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியாகச் சுழல்கின்றன. கழன்று ஓடாமல் கடையாணி தடுக்கிறது. இழுப்பது மாடு. சக்கரம் உருள மட்டுமே செய்கிறது. ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் உருண்டால் யாருக்கும் நட்டமில்லை. கோயில் தேரிலும் இழுவிசை வடத்திலிருந்து வருகிறது, அச்சிலிருந்து வருவதில்லை. வீதி முக்கில் தேரைத் திருப்ப ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்கிறார்கள். அந்தப் பக்கம் தயங்கி நிற்க, மறுபக்கம் ஓடி வர, தேர் திரும்புகிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும், சக்கரங்களை உள்ளிருந்து சுழற்ற வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

ரயில் இதற்கு நேர் எதிரான வழியில் போனது. திண்டுக்கல் சந்திப்பில் நிற்கும் ரயில் பெட்டியின் அடியில் பார்த்தால் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்றைவிட மற்றது ஒரு நூல்கூட அதிகம் சுழல முடியாது. பிறகு பழனிப் பாதையின் வளைவுகளில் ரயில் எப்படித் திரும்புகிறது? சக்கரத்தின் உருளும் பரப்பைத் தட்டையாக விடாமல், 20-க்கு 1 என்ற அளவில் சரித்துக் கடைந்திருக்கிறார்கள். வளைவில் அச்சு சில மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்கிறது. வெளிச்சக்கரம் தன் பருத்த பகுதியிலும் உட்சக்கரம் தன் சிறுத்த பகுதியிலும் தண்டவாளத்தைத் தொடுகின்றன. சுற்றின் எண்ணிக்கை சமம், கடக்கும் தூரம் மட்டும் வேறு. தண்டவாளம் இருக்கும்வரை இது அருமையான தீர்வு.

காருக்கு இரண்டு வழியும் உதவாது. சாலையில் ஓடுவதால் சரிந்த சக்கரம் பயன்படாது. இன்ஜின்தான் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும் என்பதால் மாட்டுவண்டிபோல் சும்மா விடவும் முடியாது. இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் பிணைத்துவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டயர் தரையில் இழுபட்டுத் தேயும், தண்டு முறுக்கிக்கொள்ளும். சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும், சுதந்திரமாக விடவும் வேண்டும். பொருந்தாத இந்த இரண்டு தேவைகளையும் ஒன்றாக நிறைவேற்றும் வழியை, நீராவி வண்டிக்காகப் பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் 1827-28இல் முன்வைத்தார். கார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே அதன் பின் ஆக்ஸிலின் இதயம் தயாராகிவிட்டது.

பற்சக்கரங்களால் கூட்டவும் கழிக்கவும் முடியும் என்பது கடிகாரக் கைவினைஞர்களுக்கு அதற்கும் முன்பே தெரியும். லண்டனின் ஜோசப் வில்லியம்சன் 1720 வாக்கில், சூரியன் காட்டும் நேரத்துக்கும் கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துக் காட்ட இத்தகைய அமைப்பைக் கடிகாரத்துக்குள் வைத்தார். மூன்றாம் நூற்றாண்டுச் சீனாவில் மா ஜுன் செய்ததாகச் சொல்லப்படும் வண்டி எப்படித் திரும்பினாலும் அதன் மேல் நின்ற பொம்மையின் கை தெற்கையே காட்டியது. இரு சக்கரங்களும் ஓடிய தூரத்தின் வித்தியாசம் வண்டி எத்தனை பாகை திரும்பியது என்பதைச் சொல்லிவிடும் என்ற உண்மையை வைத்து அப்படி ஒரு வண்டியைச் செய்யலாம். அந்த வண்டிகள் எதுவும் இன்று மிஞ்சவில்லை. ஆனால் டிஃப்ரன்ஷியல் பற்சக்கரங்களை வைத்து அதைத் திரும்பச் செய்ய முடியும் என்று 1947இல் பிரிட்டனின் கார் வல்லுநர் ஜார்ஜ் லான்செஸ்டர் எடுத்துக்காட்டினார். அந்தத் தூர வித்தியாசக் கணக்கைத்தான் சிறுமலை வளைவுகளுக்கு நாமும் போட்டோம்.

கூட்டுக்குள் நடப்பது

கியர்பாக்ஸிலிருந்து பின்னோக்கி வரும் நீண்ட தண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் முனையில் பினியன் என்ற சிறிய பற்சக்கரம். அது கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுனோடு ஒரு கூண்டு போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது. கூண்டின் குறுக்கே ஒரு பின். அந்தப் பின்னில் சுழலத் தோதாக இரண்டு ஸ்டார் கியர்கள். அவற்றைக் கவ்வியபடி இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகச் சன் கியர்கள். ஒவ்வொரு சன் கியரிலிருந்தும் ஒரு ஆக்ஸில் தன் பக்கத்துச் சக்கரத்துக்குப் போகிறது.

நேர்ச்சாலையில் ஸ்டார் கியர்கள் தம் பின்னில் சுழல்வதே இல்லை. கூண்டும் அதனுள் உள்ளவையும் ஒரே கட்டியாகச் சுற்றுகின்றன. வளைவில் உட்சக்கரம் தயங்கியதும் ஸ்டார் கியர் அதன் மேல் உருளத் தொடங்குகிறது. ஒரு பக்கம் எவ்வளவு இழக்கிறதோ, துல்லியமாக அவ்வளவை மறுபக்கத்துக்குக் கொடுக்கிறது. கிரவுன் 100 சுற்றுச் சுற்றும் நேரத்தில் உட்சக்கரம் 90 சுற்றினால் வெளிச்சக்கரம் 110 சுற்றும். இடதையும் வலதையும் கூட்டினால் எப்போதும் கிரவுனின் இரு மடங்கு. அந்த இரும்புக் கூடு அறிந்த கணக்கு இவ்வளவுதான். ஓட்டுநர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சாலையே விடையை எழுதிக்கொடுக்கிறது.

இதைக் கையாலேயே சோதிக்கலாம். இரண்டு பின்சக்கரங்களையும் ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கியரை முதலில் போட்டுக் கைப்பிரேக்கை விடுங்கள். இப்போது கிரவுன் அசையாது. இடது சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் வலது சக்கரம் தானாகப் பின்னோக்கிச் சுற்றும். கிரவுன் பூஜ்யம் என்றால் கூட்டுத்தொகையும் பூஜ்யமாக வேண்டும். ஒரு பக்கம் ஒன்று என்றால் மறுபக்கம் கழித்தல் ஒன்றாகத்தான் இருக்க முடியும். பள்ளியில் படித்த இயற்கணிதம் இரண்டு டயர்களாகச் சுழல்வதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல கருவி இல்லை.

வேகத்தைக் கூட்டிப் பகிரும் இதே அமைப்பு முறுக்கு விசையைச் சமமாகப் பகிர்கிறது. ஸ்டார் கியரின் இடப்பல்லும் வலப்பல்லும் நடுப்பின்னிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றன. ஒரு பக்கத் தள்ளுதல் அதிகமானால் ஸ்டார் கியர் உருண்டுவிடும், சமமாகும்வரை நிற்காது. எனவே இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே விசை. டிஃப்ரன்ஷியலின் பெருமையும் பலவீனமும் இதுதான். மழைக்காலத்தில் கரிசல் சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினால் அதைச் சுழற்ற மிகக் குறைந்த விசையே போதும். மறு சக்கரம் கெட்டித் தரையில் நின்றாலும் அதே குறைந்த விசைதான் அதற்கும் போகும். சேற்றில் கிடக்கும் சக்கரம் இரட்டை வேகத்தில் சுற்ற, தரையில் இருப்பது அசையாமல் நிற்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பள்ளம்தான் ஆழமாகும். டிராக்டர்களில் டிஃப்ரன்ஷியல் லாக் வைத்திருப்பது இதற்காகவே. கொஞ்ச நேரம் கூட்டலை நிறுத்திவிட்டு இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டி வெளியே வர அது உதவுகிறது.

பல்லும் பல்லும் சந்திக்கும் இடம்

திண்டுக்கல் சமவெளியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் உயரம் சுமார் 1,800 மீட்டர். சரக்கோடு இரண்டு டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் அந்த ஆற்றல் முழுவதும் பினியனும் கிரவுனும் தொட்டுக்கொள்ளும் விரல்நக அளவு இடங்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால்தான் அந்தப் பற்கள் இவ்வளவு கவனமாக வடிவமைக்கப்படுகின்றன.

அவற்றின் எண்ணிக்கையே ஒரு சிந்தனை. பழைய கார்களில் பரவலாக இருந்த ஒரு ஜோடி 9-க்கு 41: பினியனில் 9 பல், கிரவுனில் 41. ஏன் 8-க்கு 40 என்று முழு விகிதத்தில் வைக்கவில்லை? அப்படி வைத்தால் பினியனின் ஒரு பல் கிரவுனில் குறிப்பிட்ட ஐந்து பற்களை மட்டுமே வாழ்நாள் முழுவதும் சந்திக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருந்தால் அந்த ஐந்தையும் விடாமல் கெடுக்கும். 9-க்கும் 41-க்கும் ஒன்றைத் தவிரப் பொதுவகுத்தி கிடையாது. ஆகவே ஒரு பல் தான் முதலில் தொட்ட பல்லை மீண்டும் தொடுவதற்குள் மற்ற 40 பற்களையும் தொட்டிருக்கும். பினியன் 41 சுற்று, கிரவுன் 9 சுற்று ஆன பிறகே பழைய சந்திப்பு திரும்பும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. எண்கணிதம் எஃகைக் காப்பாற்றுகிறது.

வடிவத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பினியனின் அச்சு கிரவுனின் நடுவை நோக்கி வராமல் சற்றுத் தாழ்ந்து வரும். ஹைப்பாய்டு என்ற இந்த வகையை அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் 1920களில் உருவாக்கியது. பேக்கார்டு கார்கள் அந்தப் பத்தாண்டிலேயே அதை ஏற்றன. பினியன் தாழ்ந்ததால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது. பினியனைப் பருமனாகச் செய்ய முடிந்தது. ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் கவ்வுவதால் சத்தமும் குறைந்தது. ஆனால் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஹைப்பாய்டு பற்கள் உருள்வதோடு நில்லாமல், பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெயின் படலம் கிழிந்துவிடும். உலோகமும் உலோகமும் தொட்டால் ஒட்டிப் பிய்ந்துகொள்ளும்.

பட்டறையில் தொண்ணூறு நம்பர் என்று கேட்டு வாங்கும் கெட்டியான கியர் ஆயிலின் அந்தக் கடுமையான வாடைக்குக் காரணம் இங்கே இருக்கிறது. அதில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்கள் உண்டு. பற்கள் உரசிக் கணநேரம் சூடேறும் புள்ளிகளில் மட்டும் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. எஃகுக்குப் பதிலாக அந்தப் படலம் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் மீண்டும் உண்டாகிறது. அம்பாசடரின் பின் ஆக்ஸிலில் ஒன்றரை லிட்டருக்கும் குறைவான எண்ணெய்தான். வண்டி ஓடும்வரை அது இந்த வேதியியலை நடத்திக்கொண்டிருக்கிறது. இன்ஜின் ஆயிலை மறக்காமல் மாற்றுகிற நாம், இந்த எண்ணெயை எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை நினைத்துப் பார்க்கிறோம்?

கிரவுனையும் பினியனையும் பற்றி இன்னொரு செய்தி. இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டு மெருகேற்றி, ஒரே எண்ணைப் பொறித்து ஜோடியாகத்தான் அனுப்புகிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டின் லீவர்களும் சாவியின் வெட்டுகளும் ஒன்றுக்கொன்று பார்த்துப் பார்த்து அரத்தால் ராவப்பட்டவை. ஒரு பூட்டின் சாவியை வேறு பூட்டுக்குப் போட முடியாது. அதே போல, பினியன் மட்டும் தேய்ந்தது என்று அதை மட்டும் வாங்கிப் போட்டால் வண்டி ஓடும், ஆனால் ஊளையிட்டபடி ஓடும். மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

சத்தம் சொல்லும் செய்தி

பின் ஆக்ஸில் சொல்லாமல் கெடுவது அரிது. காது கொடுத்தால் எந்த உறுப்பில் கோளாறு என்பதைக்கூடப் பெரும்பாலும் சொல்லிவிடும். மலையேற்றத்தில் இன்ஜின் சக்கரத்தைத் தள்ளும்போது பல்லின் ஒரு முகம் வேலை செய்கிறது. இறக்கத்தில் கியரில் வைத்து இன்ஜினால் வண்டியைத் தடுக்கும்போது மறுமுகம் வேலை செய்கிறது. கொடைக்கானல் ஏற்றத்தில் மட்டும் ஊளை கேட்டால் முன்முகம் தேய்ந்திருக்கலாம், இறக்கத்தில் மட்டும் கேட்டால் பின்முகம். கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் டொக்கென்று அடித்தால் எங்கோ பிளே, அதாவது தளர்வு, அதிகம்: புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யு ஜாயின்ட்டாக இருக்கலாம், ஸ்டார் கியரின் வாஷராக இருக்கலாம். திருப்பத்தில் மட்டும் கடகடத்தால் சந்தேகம் ஸ்டார் கியர் பக்கம் போகும், ஏனென்றால் அவை சுழல்வது திருப்பத்தில்தான். ஏற்றம் இறக்கம் எதிலும் மாறாமல் வேகத்தோடு மட்டும் கூடும் உறுமல் பெரும்பாலும் சக்கர பேரிங்.

சத்தத்தை நம்பி உடனே கிரவுனைக் கழற்றிவிடக் கூடாது. டயர் ஒழுங்கற்றுத் தேய்ந்திருந்தாலும் இதே போன்ற இரைச்சல் வரும். தார் புதிதாகப் போட்ட வழவழப்பான சாலையிலும் சொரசொரப்பான சாலையிலும் ஓட்டிப் பாருங்கள். சாலைக்கேற்ப மாறினால் குற்றவாளி டயர்தான்.

வாசலில் செய்யும் வேலை

எல்லாவற்றுக்கும் முன் பாதுகாப்பு. கைப்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரங்களைத் தூக்கிய மறுகணம் கைப்பிரேக்கால் பயனில்லை. எனவே சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கி அதன் கீழே படுப்பது உயிரைப் பணயம் வைப்பது. அவை எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும்.

எவரும் செய்யத்தக்க முதல் வேலை எண்ணெய் மாற்றுவது. கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடான பிறகு வடித்தால் முழுவதும் இறங்கும். வடிக்கும் மூடியைக் கழற்றுமுன், ஊற்றும் மூடி கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயை வடித்த பிறகு மேல் மூடி திருகாமல் போனால் வண்டி அங்கேயே நின்றுவிடும். வடிந்த எண்ணெய் ஒரு மருத்துவ அறிக்கை. மூடியில் காந்தம் இருந்தால் அதில் மை போன்ற மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு இருப்பது இயல்பான தேய்மானம். கையில் நெருடும் துணுக்குகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. எண்ணெய் வெளிறிப் பால் நிறமானால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. புது எண்ணெயைப் பக்கவாட்டு ஓட்டையில் நிரம்பி வழியும் மட்டம் வரை ஊற்றினால் போதும். பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். தோல் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட வலியைத் திண்டுக்கல் அறியும். சேர்த்து வைத்து, பழைய எண்ணெய் எடுப்பவரிடமே கொடுங்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல் பொத்தான் அளவில் ஒரு மூச்சுத் துளை இருக்கிறது. நம் செம்மண் புழுதி அதை அடைத்துவிடும். வண்டி ஓடி உள்ளே 30 டிகிரி 90 டிகிரியாக உயரும்போது, வெளியேற வழியில்லாத காற்றின் அழுத்தம் சுமார் 20 விழுக்காடு கூடுகிறது. அந்த அழுத்தம் ஆயில் சீலைத் தாண்டி எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் இறங்கி லைனரை நனைக்க, பிரேக் பிடிக்காமல் போகிறது. அதே சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. சீல் ஒழுகுகிறது என்று புதுச் சீல் போட்டுவிட்டு மூச்சுத் துளையைச் சுத்தம் செய்யாமல் விட்டால், புதுச் சீலும் சில மாதங்களில் ஒழுகும். காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் சரிசெய்ததன் பலன் அது.

சீல், சக்கர பேரிங், யு ஜாயின்ட் ஆகியவற்றை மாற்றுவது பொறுமையும் சரியான புல்லரும் உள்ளவரால் வீட்டில் முடியும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் அது இணையும் இடத்திலுள்ள இரண்டு பிளேட்டிலும் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இருந்தபடியே திரும்பப் பூட்டினால் சமநிலை கெடாது. டிரம்முக்குள் உள்ள தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய லைனர்களில் கல்நார் இருக்கக்கூடும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடையுங்கள்.

கிரவுன், பினியனைப் பூட்டி அளவு வைப்பதுதான் இந்த வேலையின் உச்சம். இரண்டு பற்களுக்கும் நடுவே விடும் பிளே பல கார்களில் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள். கிட்டத்தட்ட ஒரு தாளின் தடிமன். அதற்கும் குறைந்தால் எண்ணெய்க்கு இடமில்லை, சூடேறிப் பற்கள் இறுகும். கூடினால் ஒவ்வொரு கிளம்பலும் ஒரு சுத்தியலடி. பற்களில் மார்க்கிங் பெயின்ட்டைத் தடவிச் சுற்றினால், தொடும் இடத்தில் பெயின்ட் விலகிச் சுவடு தெரியும். சுவடு பல்லின் அடிப்பக்கம் இறங்கியிருந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, நுனிக்கு ஏறியிருந்தால் போதுமான அளவு போகவில்லை. மெல்லிய ஷிம் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ, மீண்டும் பூட்டி, மீண்டும் சுவடு எடுக்க வேண்டும். பேரிங்குகளை வெறுமனே பொருத்தாமல் கொஞ்சம் இறுக்கம் கொடுத்து வைப்பதற்கும் காரணம் உண்டு. பாரம் ஏறும்போது பற்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். இறுக்கம் இல்லையென்றால் நிறுத்தி வைத்துப் பார்த்த சுவடு ஓடும்போது வேறிடத்துக்குப் போய்விடும். டயல் கேஜும் பிரஸ்ஸும் இல்லாமல் இந்தப் பகுதியில் இறங்க வேண்டாம். கிரவுனும் பினியனும் பொருந்திய கேரியரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் அளவு வைத்து வாங்கி வந்து, பூட்டும் வேலையை வீட்டில் செய்யலாம்.

ஆக்ஸில் ஏன் உடைகிறது

நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி, ஒன்றுமில்லாத இடத்தில் ஆக்ஸில் கட்டாகி நிற்பதைப் பார்த்திருப்போம். உடைந்த முகத்தைப் பார்த்தால் கதை தெரியும். ஒரு பகுதி வழவழப்பாக, வரிவரியாக இருக்கும். மீதி சொரசொரப்பாக, புதிதாக இருக்கும். வழவழப்பான பகுதி நெடுநாளாக உள்ளே வளர்ந்த விரிசல். சொரசொரப்பான பகுதி அன்று உடைந்தது.

இந்த ரகசியத்தை உலகம் ஒரு விபத்திலிருந்து கற்கத் தொடங்கியது. 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாய் ரயில் இன்ஜினின் அச்சு முறிந்து, பெட்டிகள் எரிந்து பலர் மாண்டனர். அடுத்த ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் வில்லியம் ராங்கின் ரயில் அச்சு முறிவுகளை ஆராய்ந்தார். பிறகு ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்து, ஒரே தடவையில் தாங்கக்கூடிய சுமையைவிட மிகக் குறைந்த சுமையே பல முறை திரும்ப வந்தால் எஃகை முறிக்கும் என்று நிறுவினார். பல கார்களில் ஆக்ஸில் வண்டியின் எடையையும் ஓரளவு தாங்குகிறது. அப்போது ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரு பக்கம் ஒருமுறை இழுபடுகிறது, ஒருமுறை நெருக்கப்படுகிறது. சக்கரத்தின் சுற்றளவை இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கிலோமீட்டரில் 5 கோடி முறை. லாரிகளில் எடை முழுவதையும் ஹவுசிங்கே தாங்கி, ஆக்ஸிலை முறுக்குக்கு மட்டும் விட்டிருப்பதன் பொருள் இங்கே விளங்கும்.

இதிலிருந்து வீட்டில் வேலை செய்பவருக்கு ஒரு பாடம் உண்டு. விரிசல் பெரும்பாலும் ஒரு கீறலிலோ துருக்குழியிலோ தொடங்குகிறது. சீலைக் கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவரால் ஆக்ஸிலில் விழும் சின்னக் கோடு, பல ஆண்டுகள் கழித்து நெடுஞ்சாலையில் முறிவாகத் திரும்பி வரக்கூடும். உளியால் தட்டிக் கழற்றுவதும் பேரிங்கின் மேல் நேராகச் சுத்தியலால் அடிப்பதும் அவசரத்தில் வாங்கும் கடன்.

கூட்டல் தொடர்கிறது

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுபடுகின்றன. ஆனாலும் அவற்றின் கியர்பாக்ஸுக்குள் அதே ஸ்டார் கியர், அதே சன் கியர், அதே கூட்டல் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் பிக்அப்பிலும் சின்ன யானை என்று அழைக்கப்படும் டாடா ஏஸிலும் அந்த உருண்டை இரும்புக் கூடு இன்றும் பின்னாலேயே இருக்கிறது. ஒரே மோட்டார் உள்ள மின்சாரக் காரிலும் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே டிஃப்ரன்ஷியல் உண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார் வைத்தால் மட்டுமே அது போகும். அப்போதும் கணக்கு போகாது. பற்சக்கரம் செய்ததைக் கணினி செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பெயின்ட் சுவட்டைப் பார்த்துத் தாள் தடிமனுக்கு ஷிம் வைக்கும் மெக்கானிக்கை நாம் கைவேலைக்காரர் என்ற அளவிலேயே நிறுத்திவிடுகிறோம். அவர் செய்வது துல்லிய அளவியல். அவர் கேட்கும் ஒலி, பல்லின் எந்த முகம் எந்தச் சுமையில் பேசுகிறது என்ற ஆய்வு. அந்த அறிவு பட்டறையோடு நின்றுவிட வேண்டியதில்லை. வீட்டு வண்டிக்கு எண்ணெய் மாற்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை அருகே அழைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றச் சொல்லி, மறு சக்கரம் ஏன் எதிர்த்திசையில் போகிறது என்று கேளுங்கள். விடையை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பள்ளியில் படித்த இயற்கணிதம் எதற்கென்று அவர்கள் பிறகு கேட்க மாட்டார்கள்.